உவர்மலைக் கீழறையில் ஒரு குளியலறை: முதலில் கழிவுக்கு வழி பாருங்கள்

எங்கள் வீடு திருகோணமலையில், உவர்மலைச் சரிவில் இருக்கிறது. தெருவில் நின்று பார்த்தால் சாதாரணத் தரைவீடு. பின்வளவில் இறங்கி நின்று பார்த்தால் இரண்டு தட்டு. அந்தக் கீழ்த்தட்டு, மலையை வெட்டி எடுத்துக் கட்டிய ஒற்றை அறை. முன்சுவரும் பக்கச் சுவர்களும் மண்ணுக்குள் இருக்கின்றன, பின்பக்கம் மட்டும் வளவோடு சமமாகத் திறக்கும். மாமனார் காலத்தில் விறகும் தேங்காயும் அடுக்கிய இடம். அங்கே ஒரு குழாய் கிடையாது, வடிகாலும் கிடையாது.

மாமிக்கு 78 வயது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. மேலே இரண்டே அறைகள், அதிலும் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஒரு நாள் அவரே சொன்னார்: "பிள்ளை, எனக்குக் கீழறை போதும். காத்து வரும், படி இறங்காமலே வளவுக்கு வந்திருவன். ஆனா இரவிலே கக்கூசுக்கு மேலே ஏற ஏலாது."

அப்படித்தான் இந்த வேலை தொடங்கியது. நான் பள்ளியில் கணக்குப் படிப்பிக்கிறவள், குழாய் வேலை தெரிந்தவள் அல்ல. ஆனால் திட்டமிடும் கட்டத்தில் தேவைப்பட்டது அளவுநாடா, ஒரு கொப்பி, கொஞ்சம் பொறுமை. சரிவில் வீடு வைத்திருப்பவர்கள், நிலமட்டத்துக்குக் கீழே அறை வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மேசனைக் கூப்பிட்டால் நல்லது.

எல்லோரும் ரைல்ஸ் நிறத்தில் தொடங்குகிறார்கள். நானும் கடைக்குத்தான் முதலில் போனேன். உண்மையில் தொடங்க வேண்டிய இடம் செப்டிக் தாங்கியின் வாய். நல்ல தண்ணீரை எங்கே வேண்டுமானாலும் கொண்டுவரலாம், அழுத்தம் இருந்தால் அது மேலேயும் ஏறும். கழிவு தானாக இறங்க மட்டுமே தெரிந்தது. ஆகவே கேள்வி ஒன்றுதான்: உங்கள் புதிய கொமட்டில் இருந்து வெளியேறும் குழாய், குழி வரைக்கும் இறங்கிக்கொண்டே போக முடியுமா?

முதலில் வந்த பிளம்பர் நின்ற இடத்திலேயே, "110 பைப்பைச் சரிச்சு முன்னால இருக்கிற குழிக்குள்ள விட்டிரலாம் ரீச்சர்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மேசன்மார் வைத்திருக்கும் தெளிந்த பிளாஸ்டிக் ரியூப் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அதில் தண்ணீர் நிரப்பி, உள்ளே காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்து, ஒரு முனையை இங்கேயும் மறுமுனையை அங்கேயும் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். கீழறைத் தரையில் தொடங்கி, பக்கப் படி வழியாக அடையாளம் வைத்து வைத்து முன்வளவுக்கு ஏறினோம். பெரியவன் ஒரு முனையைப் பிடித்தான். கணக்குப் பார்த்தால், மேல்தட்டுத் தரை கீழறைத் தரையை விட 9 அடி உயரம். செப்டிக் தாங்கிக்குள் குழாய் நுழையும் வாய் மேல்தட்டுத் தரையில் இருந்து 3 அடி கீழே. அப்படியென்றால் அந்த வாய் கீழறைத் தரைக்கு 6 அடி மேலே நிற்கிறது. சரித்து விடுவதற்கு வழியே இல்லை. அரை நாள் வேலைதான். அதைச் செய்யாமல் தரையை உடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பேன்.

இப்படி ஆனால் மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, கீழ்ப்பக்கத்திலேயே புதிய குழி வெட்டுவது. இடம் இருந்தால் இதுதான் நல்லது. மின்சாரம் வேண்டாம், பழுதாக ஒன்றும் இல்லை. 4 அங்குலக் குழாயை, அதாவது 110 மில்லிமீட்டர் குழாயை, ஓர் அடிக்குக் கால் அங்குலம் சரிவில் வைத்தால் போதும். ஆனால் எங்கள் பின்மதிலுக்கு அப்பால் கீழ்வீட்டுக்காரரின் குடிநீர்க் கிணறு இருக்கிறது. பின்வளவின் எந்த மூலையில் வெட்டினாலும் கிணற்றுக்கு 40 அடிகூடக் கிடைக்காது. ஊறல் குழிக்கும், அதாவது கழிவுநீர் மண்ணில் இறங்கும் குழிக்கும், கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடி என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கணக்கு. அதிலும் குழி மேட்டில், கிணறு பள்ளத்தில் என்றால் நான் 60 அடிக்குக் குறைய ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர்கள் வீட்டுக் கைக்குழந்தையும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது. பக்க வளவு கிணற்றுக்குத் தூரமாக இருக்கிறது, ஆனால் ஒன்றரை அடி தோண்டினால் பாறை. ஊறாத தாங்கியை மட்டும் கட்டினால் அடிக்கடி உறிஞ்சி எடுக்க வேண்டும், பவுசர் பின்பக்கம் வர வழியில்லை. முதல் வழியை அத்தோடு விட்டோம்.

இரண்டாவது, தரையை உயர்த்தி மேடை போட்டு அதன்மேல் குளியலறை கட்டுவது. அரை அடி, ஒரு அடி வித்தியாசத்துக்கு இது சரி. 6 அடிக்கு யோசிக்கவே முடியாது. அதோடு படி ஏற முடியாதவருக்காகக் கட்டும் அறையில் மேடை வைப்பது எனக்கு மனம் வராத காரியம்.

மூன்றாவது, தரைக்குள் ஒரு சிறிய மூடிய தொட்டி வைத்து, அதில் சேரும் கழிவை மோட்டாரால் மேலே தள்ளுவது. கொமட்டின் பின்னாலேயே பெட்டி போல வைத்து அரைத்துத் தள்ளும் மோட்டாரும் உண்டு. தரையை உடைக்க முடியாத இடத்துக்கு அது நல்லது. ஆனால் அதற்குள் துணி, பஞ்சு எது போனாலும் சிக்கும். தினமும் பாவிக்கும் அறைக்குத் தரைக்குள் தொட்டிதான் உறுதி என்று முடிவெடுத்தோம்.

முடிவெடுத்ததும் படத்தை எடுத்துக்கொண்டு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டினேன். உள்ளூராட்சி சபையிலும் கேட்டேன். வேலை தொடங்கிய பிறகு போவதை விட இது எவ்வளவோ மேல். பழைய செப்டிக் தாங்கி தாங்குமா என்பதுதான் என் பயம். தாங்கியின் அளவு வீட்டில் இருக்கும் ஆட்களைப் பொறுத்தது, மலசலகூடங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது அல்ல. அதே ஐந்து பேர்தான் என்பதால் பழைய தாங்கியே போதும்.

தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணமும் தவறும் அங்கேதான் இருக்கின்றன. எங்கள் தொட்டி 2 அடி விட்டம், 3 அடி ஆழம், தடித்த பிளாஸ்டிக். திருகோணமலையில் மழை வாடைக்காற்றோடு வருவது. ஐப்பசி முதல் தை வரைக்கும், அதிலும் கார்த்திகை மார்கழியில், மண்ணுக்குள் நீர் ஏறிவிடும். வெறும் தொட்டி அந்த நீரில் படகு போல மிதக்கப் பார்க்கும். கணக்கு இது: 3.14 × 1 × 1 × 3 என்றால் 9.4 கன அடி. ஒரு கன அடி 28.3 லீட்டர். ஆகவே ஏறத்தாழ 267 லீட்டர். முழுதும் நீரில் நின்றால் 267 கிலோ எடையை அது மேலே தள்ளும், தரை ரைல்ஸ் எல்லாம் வெடிக்கும். தொட்டியைச் சுற்றி 4 அங்குலமும் அடியில் 6 அங்குலமும் கொங்கிறீற் போட்டால் நீருக்குள்ளேயும் அந்தக் கொங்கிறீற்றின் எடை போதும். கொங்கிறீற் ஊற்றும்போது தொட்டிக்குள் தண்ணீர் நிரப்பி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஈரக் கொங்கிறீற்றே அதைத் தூக்கிவிடும், பக்கமும் நெளியும்.

இந்தக் காரணத்தால்தான் அளவை மார்கழியில் எடுங்கள், வேலையைப் பங்குனியில் செய்யுங்கள் என்கிறேன். நாங்கள் மார்கழியில் அறையின் மூலையில் மூன்றரை அடிக் குழி ஒன்று தோண்டி, மேலே பலகை போட்டு மூடி, ஒவ்வொரு காலையும் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று குறித்தோம். அதே நாட்களில் மண்பக்கச் சுவரில் 2 அடிச் சதுரப் பொலித்தீன் தாளை நான்கு ஓரமும் ஒட்டி இரண்டு நாள் விட்டோம். தாளின் உட்புறத்தில், அதாவது சுவர்ப் பக்கத்தில், துளிகள் கோத்தால் ஈரம் மண்ணில் இருந்து வருகிறது. வெளிப்புறத்தில் கோத்தால் அறைக் காற்றின் ஈரம். எங்களுடையது உட்புறம். அதனால் மண்பக்கத்தில் இரண்டு அங்குல இடைவெளி விட்டு மெல்லிய உட்சுவர் ஒன்று எழுப்பி, நடுவில் வடியும் நீருக்குச் சிறிய வாய்க்கால் வைத்தோம். குழாய்கள் எல்லாம் உட்சுவரில்தான், மண்சுவரைத் தொடவில்லை.

அப்புறம் மோட்டார். கடையில், "எல்லாத் தண்ணியும் இழுக்கும்" என்று சொல்லி ஒன்றைத் தந்தார்கள். அது சேற்றுத் தண்ணீர் மோட்டார். இரண்டாம் கிழமையே அடைத்துவிட்டது. திறந்து சுத்தம் செய்தவரின் முகம் எனக்கு மறக்காது, அவருக்கு அந்த வேலையை வைத்ததற்கு நான் வருந்துகிறேன். மலக்கழிவுக்கு என்று செய்த மோட்டாரைத்தான் கேட்க வேண்டும். 50 மில்லிமீட்டர் கட்டி அதற்குள்ளால் போக வேண்டும். தள்ளும் குழாய் 2 அங்குலம், 63 மில்லிமீட்டர். எவ்வளவு உயரத்துக்குத் தள்ள வேண்டும்? தொட்டியின் அடியில் இருந்து தரைக்கு 3 அடி, தரையில் இருந்து குழாயின் உச்சிக்கு 7 அடி, வளைவுகளின் உராய்வுக்கு நான் கூட்டியது 3 அடி. மொத்தம் 13 அடி, அதாவது 4 மீட்டர். மோட்டாரின் தகட்டில் அதிக உயரம் 8 மீட்டர் என்று போட்டிருந்தால், 8 மீட்டரில் ஒரு சொட்டும் வராது என்று அர்த்தம். நீங்கள் கேட்க வேண்டியது 4 மீட்டரில் நிமிடத்துக்கு எத்தனை லீட்டர் என்பது. 63 குழாயில் 110 லீட்டருக்குக் குறைந்தால் ஓட்டம் மெதுவாகி, திண்மம் குழாய்க்குள்ளேயே படியும். உச்சிக்குப் போன பிறகு குழாயை 110க்கு மாற்றி, முன்வளவுத் தாங்கி வரை தானாகச் சரிந்து போக விட்டோம்.

மோட்டாருக்கு மேலே திரும்பி வராமல் தடுக்கும் வால்வு, அதற்கும் மேலே பூட்டும் வால்வு. இந்த ஒழுங்கு மாறக் கூடாது. பூட்டிவிட்டால் மேலே நிற்கும் கழிவு கொட்டாமல் கீழ் வால்வைக் கழற்றலாம். இரண்டையும் கழற்றிப் பூட்டக்கூடிய இணைப்போடு வாங்குங்கள், ஒட்டிவிடாதீர்கள்.

மின்வெட்டைப் பற்றி யோசிக்காமல் இந்த வழிக்குப் போகாதீர்கள். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். எங்கள் தொட்டியில் ஓர் அங்குல உயரத்துக்கு 7.4 லீட்டர் பிடிக்கும். தண்ணீர் அடியில் இருந்து 16 அங்குலத்துக்கு ஏறினால் மிதவை சுவிட்ச் மோட்டாரைப் போடும், 8 அங்குலத்துக்கு இறங்கினால் நிறுத்தும். கொமட் குழாய் நுழைவது 24 அங்குலத்தில். மின்சாரம் போகும்போது தொட்டி 16க்குச் சற்றுக் கீழே நின்றால் மிஞ்சுவது 8 அங்குலம், 59 லீட்டர். 6 லீட்டர் ஃப்ளஷ் ஒன்பது தடவை. மாமி ஒருவருக்கு இரவு தாண்டும். ஆனால் ஒரு வாளிக் குளிப்பே 40, 50 லீட்டர். குளிக்கும் தண்ணீரும் அதற்குள் போனால் ஒரே குளிப்பில் ஏறத்தாழ நிறைந்துவிடும்.

அதனால் குளிக்கும் தண்ணீரைப் பிரித்தோம். இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கொமட்டும் பேசினும் தொட்டிக்கு. குளிக்கும் இடத்தின் தண்ணீர் 63 குழாயில் தானாகவே சரிந்து பக்க வளவு வாழைப் பாத்திக்கு. பாறைமேல் கல் அடுக்கி மண் நிரப்பிய பாத்தி அது, கிணற்றுக்கு 60 அடிக்கு மேல். மின்சாரம் இல்லாவிட்டாலும் மாமி குளிக்கலாம். மோட்டாருக்கும் வேலை பாதி. 20 அங்குலத்தில் இன்னொரு மிதவை வைத்து, மேல்தட்டுச் சமையலறையில் ஒலிக்கும் மணியோடு இணைத்தோம். மணிக்கு மோட்டாரின் கம்பியில் இருந்து மின்சாரம் எடுக்க வேண்டாம். மோட்டாரின் பிரேக்கர் விழுந்தால் மணியும் ஊமையாகும். மோட்டாருக்குத் தனி வயர், 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் கட்டாயம், வேலை செய்பவர் அனுமதி பெற்ற மின்னாளராக இருக்க வேண்டும்.

காற்றுக்குழாயை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. தொட்டியின் மூடி ரப்பர் வைத்து இறுக்கமாக இருக்க வேண்டும், அதில் இருந்து ஒரு 63 குழாய் வெளிச்சுவர் வழியாகக் கூரைக்கு மேலே போக வேண்டும். மோட்டார் தள்ளும்போது உள்ளே காற்று வர வழியில்லாவிட்டால் பேசினுக்குக் கீழே வளைவில் நிற்கும் தண்ணீரை அது உறிஞ்சிவிடும். நாற்றத்தை மறிப்பது அந்த 2 அங்குலத் தண்ணீர்தான். குழாயின் வாய் ஜன்னலுக்குக் கிட்ட வேண்டாம். உச்சியில் நுளம்பு வலை கட்டுங்கள், அதுவும் பித்தளையோ பிளாஸ்டிக்கோ. கடற்காற்றில் இரும்பு வலை ஒரு வருடம் தாங்காது. அதே காரணத்துக்காக ஆணி, பிடி, கொக்கி எல்லாம் 316 தரத் துருப்பிடிக்காத உருக்கில் கேட்டு வாங்கினேன்.

நல்ல தண்ணீர் விஷயம் இலகு. கூரைத் தாங்கி மேல்தட்டுத் தரைக்கு 12 அடி மேலே. கீழறைக் குழாய்க்கு வரும்போது 18 அடிக்கு மேல் உயரம் கிடைக்கிறது, மேல்தட்டுக் குளியலறையை விட நன்றாக அடிக்கும். முக்கால் அங்குலத்தில் ஒரு கிளை எடுத்து, தனியாகப் பூட்ட ஒரு வால்வு வைத்தால் சரி.

குளியலறை 5 அடிக்கு 8 அடி. தரையில் சோக்கட்டியால் கொமட், பேசின், கதவு எல்லாம் உண்மை அளவில் வரைந்து, மாமியை ஊன்றுகோலோடு நடக்க விட்டுப் பார்த்தோம். காகிதத்தில் சரியாக இருந்த கதவு இடத்தில் இடித்தது. மாற்றினோம். கொமட்டின் நடுவில் இருந்து பக்கச் சுவருக்கு 15 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, பிடித்து எழும்ப வேண்டியவர் என்றால் 18. முன்னால் 2 அடி வெறுமையாக வேண்டும். கதவு 32 அங்குலத்துக்குக் குறையாமல், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்ளே விழுந்தவர் கதவை மறித்துக் கிடந்தால் உட்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே முடியாது. கைப்பிடி தரையில் இருந்து 33 முதல் 36 அங்குலத்துக்குள். அதைப் பொருத்தும் இடத்தில் சுவரை முதலிலேயே கொங்கிறீற்றால் நிரப்பிவிடுங்கள், வெறும் கல்லில் திருகாணி கழன்றுவிடும். மேலே குழாய் ஓடினாலும் தலைக்கு 7 அடி மிஞ்ச வேண்டும்.

தரை உடைக்கும்போது அத்திவாரத்தையும் வளையையும் தொட வேண்டாம் என்று மேசன் அண்ணையிடம் கோடு போட்டே காட்டினேன். குழாய் திரும்பும் இடங்களில் ஒரு 90 பாகை முழங்கைக்குப் பதிலாக இரண்டு 45 வைத்தார்கள், அடைத்தால் கம்பி விட ஒரு வாயும் வைத்தார்கள். மூடுவதற்கு முன் குழாயின் முனையை அடைத்து நீர் நிரப்பி இரவு முழுதும் விட்டோம். காலையில் மட்டம் இறங்கவில்லை என்று பார்த்த பிறகுதான் கொங்கிறீற். மண்ணுக்குள் போகும் ஒவ்வொரு குழாயையும் அளவுநாடாவை அருகில் வைத்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நீர்காப்புப் பூச்சு இரண்டு கை, குளிக்கும் பக்கம் சுவரில் 6 அடி வரை, மற்றப் பக்கம் ஓர் அடி. ரைல்ஸ் பதிக்க முன் வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி 24 மணி நேரம். காற்றை வெளியே இழுக்கும் விசிறி ஒன்றும் வேண்டும். அறை 320 கன அடி, மணிக்கு எட்டுத் தடவை காற்று மாற வேண்டுமானால் நிமிடத்துக்கு 43 கன அடி. 50 எடுத்தோம்.

இப்போது மாமி கீழறையில் இருக்கிறார், இரண்டு மழைக்காலம் போய்விட்டது. ஒவ்வொரு வருடமும் புரட்டாதி கடைசியில், மழை தொடங்க முன், நானும் பெரியவனும் மோட்டாரின் சுவிட்சை நிறுத்திவிட்டுக் கொமட்டில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவோம். மேலே சமையலறையில் மணி அடிக்க வேண்டும். பிறகு சுவிட்சைப் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் தண்ணீர் இறங்கி மோட்டார் தானாக நிற்க வேண்டும். நின்ற பிறகு தண்ணீர் மீண்டும் ஏறினால் திரும்பி வராமல் தடுக்கும் வால்வைக் கழற்றிக் கழுவ வேண்டும்.